கிராஃபீன் பெயிண்ட் அடித்தால் இரும்பு துருப்பிடிக்காதா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். தூத்துக்குடியில் கடலுக்குக் கிட்டத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். ஷெட்டின் தூண்கள், கூரையைத் தாங்கும் டிரஸ், வெளியே இருக்கிற இரும்புப் படிக்கட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தும் துரு நின்றபாடில்லை. இப்போது ஒரு ஏஜென்ட் "கிராஃபீன் கோட்டிங்" என்று வழக்கமான எபாக்ஸியைவிட இரண்டு மடங்கு விலையில் ஒன்றைக் காட்டி, "இதில் ஹீலியம் வாயுவே நுழையாது சார், தண்ணீரும் உப்பும் எப்படி நுழையும்" என்கிறாராம். அது உண்மையா, உண்மையென்றால் ஏன் எல்லாக் கப்பலுக்கும் பாலத்துக்கும் அதையே அடிக்கவில்லை, அப்புறம் கார் கடையில் அதே பெயரில் பூசுகிறார்களே அதுவும் இதுதானா என்பவை கேள்விகள்.

மூன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். ஆய்வகத்தில் குறையில்லாத ஒரு துணுக்குக்கு இருந்த குணம், அதே பொருளைத் தூளாக்கி டப்பாவில் கலந்து உங்கள் தூணில் அடித்த பிறகும் இருக்குமா? நான் படித்தது மின்வேதியியல், பிழைப்பு பெயிண்டிங் இன்ஸ்பெக்ஷன். துறைமுகம், எண்ணெய்த் தொட்டி, குழாய்கள் என்று உப்புக் காற்றிலேயே வேலை. கிராஃபீன் தயாரிப்பவன் இல்லை, விற்பவனும் இல்லை. உங்கள் ஷெட்டை நான் நேரில் பார்க்கவும் இல்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்வதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் சொன்ன ஹீலியம் விஷயம் பொய்யில்லை. 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஒற்றை அணு அடுக்கைப் பிரித்தெடுத்தார்கள், அதுதான் கிராஃபீன், 2010-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். 2008-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்த ஒற்றை அடுக்கை ஒரு நுண்ணிய குழியின் மேல் மூடி போட்டுப் பார்த்தபோது ஹீலியம்கூட அதன் வழியே கசியவில்லை. கரி அணுக்கள் அறுகோணமாக அவ்வளவு நெருக்கமாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. புரோட்டான் மட்டும் ஓரளவு நுழையும் என்று பிற்பாடு மான்செஸ்டர்க்காரர்களே கண்டுபிடித்தார்கள், அது நம் கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை. முக்கியம் எதுவென்றால், அந்தச் சோதனையில் இருந்தது சில மைக்ரான் அகலமே உள்ள, ஓட்டையே இல்லாத ஒரு துணுக்கு. உங்கள் படிக்கட்டு அந்த அகலத்தில் இல்லை.

சரி, உலோகத்தின் மேல் போட்டுப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஆரம்பத்தில் நல்ல செய்திதான் வந்தது. மீத்தேன் வாயுவை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் செம்புத் தகட்டின் மேல் விட்டால் அதன்மேல் கிராஃபீன் தானாகவே வளரும். 2011-இல் டெக்சாஸ் ஆஸ்டின் குழு ஒன்று அப்படி வளர்த்த செம்பை 200 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கியது. வெறும் செம்பு நிறம் மாறிப்போக, கிராஃபீன் மூடிய செம்பு அப்படியே பளபளத்தது. 2012-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மின்வேதியியல் முறையில் அளந்து, சோடியம் சல்பேட் கரைசலில் கிராஃபீன் வளர்த்த செம்பு 7 மடங்கு மெதுவாகவும், பல அடுக்கு கிராஃபீன் வளர்த்த நிக்கல் 20 மடங்கு மெதுவாகவும் அரிபடுவதாக எழுதினார்கள். "உலகின் மிக மெல்லிய துருத்தடுப்பு" என்கிற பேச்சு இந்த மாதிரி முடிவுகளிலிருந்துதான் கிளம்பியது. ஏஜென்டுகள் கையில் இருக்கும் பிரசுரங்களின் முதல் பக்கம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தோடு நின்றுவிடும்.

அடுத்த வருடமே மறுபக்கம் வந்தது. 2013-இல் பெர்க்லியில் இதே செம்பு, இதே கிராஃபீனை எடுத்து, சில மணி நேரத்துக்குப் பதிலாக மாதக்கணக்கில் சாதாரண அறைக் காற்றில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது: நீண்ட காலத் தடுப்பாகப் பார்த்தால் ஒன்றும் பூசாமல் விடுவதைவிட மோசம். வெறும் செம்பின் மேல் தானாக ஒரு மெல்லிய ஆக்சைடு படிந்து, அதுவே மேற்கொண்டு ஆக்சிஜன் போவதைக் குறைத்துவிடுகிறது. கிராஃபீன் மூடிய செம்பிலோ, படலத்தில் இருக்கிற கீறல், மடிப்பு, துணுக்கும் துணுக்கும் சேரும் எல்லை ஆகியவற்றின் வழியாக ஈரமும் ஆக்சிஜனும் இறங்கி, படலத்துக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவி, காலப்போக்கில் வெறும் செம்பைவிட அதிகமாக அரித்திருந்தது. மணிக்கணக்கில் காப்பாற்றுவது மாதக்கணக்கில் கெடுக்கிறது. இரண்டு முடிவும் சரியானவை, சோதித்த கால அளவுதான் வேறு.

இதற்குக் காரணம் துரு வேலை செய்பவர்களுக்குப் புதிதே இல்லை. கிராஃபீன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கரி என்பது மின்வேதியியலில் ரொம்பக் கெத்தான ஆசாமி, கடல்நீரில் உலோகங்களை வரிசைப்படுத்தினால் கிராஃபைட் பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். சாதாரண இரும்புக்கும் அதற்கும் இடையே கடல்நீரில் ஏறக்குறைய 0.8 வோல்ட் வித்தியாசம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்திலும் இருந்தால் கரி கேத்தோடாகும், அதாவது ஆக்சிஜன் வினை நடக்கிற முனை, இரும்பு எதிர்முனையான ஆனோடாகிக் கரையும். விமானங்களில் கார்பன் ஃபைபர் பலகையை நேராக அலுமினியத்தோடு ஒட்டாமல் நடுவில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வைக்கிறார்களே, அது இந்தப் பயத்தால்தான். பம்புகளில் கிராஃபைட் கேஸ்கெட் போட்ட இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ளாஞ்சின் முகம் குழிவிழுவதற்கும் இதில் பங்கு உண்டு. ஆக நாம் இரும்பைக் காப்பாற்ற என்று கொண்டுவந்து போர்த்துவது, இரும்புக்கு எதிராகவே வேலை செய்யக்கூடிய ஒரு பொருள். முழுசாகப் போர்த்தியிருக்கிற வரை பிரச்சினை இல்லை. ஓட்டை விழுந்தால்?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம், பயம் எங்கே என்று அப்போதுதான் புரியும். இரும்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் அரிமான மின்னோட்டம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 11.6 மைக்ரான் இரும்பு போகும். 10 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள், 116 மைக்ரான். வெறும் இரும்பு கடற்கரைக் காற்றில் முதல் வருடம் இழப்பது கிட்டத்தட்ட இந்த அளவுதான், ஐஎஸ்ஓ 12944 தரவிதியில் சி5 என்ற, அரிப்பு மிக அதிகமான சூழல் வகைக்கு 80 முதல் 200 மைக்ரான் என்று போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, பரவலாகப் போகிறது, தாங்கலாம். இப்போது அதே ஒரு சதுர சென்டிமீட்டரைக் கடத்தும் கரிப் படலம் மூடியிருக்கிறது, அதில் 0.1 சதுர மில்லிமீட்டருக்கு ஓர் ஓட்டை. ஆக்சிஜன் வினை படலம் முழுக்க நடக்கும், இரும்பு கரைவது அந்த ஓட்டையில் மட்டும். அதே 10 மைக்ரோ ஆம்பியர், ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்பில் குவிகிறது. காகிதக் கணக்கில் வருடத்துக்கு 116 மில்லிமீட்டர் ஆழம்! நிஜத்தில் இவ்வளவு வராது. துருவே ஓட்டையை அடைக்கும், ஈரம் எப்போதும் இருக்காது, மின்தடையும் குறுக்கே வரும். ஆனால் திசை இதுதான். மொத்தமாகப் போகிற இரும்பு கூடவில்லை, ஒரே இடத்தில் போகிறது, மெல்லிய ஷீட்டும் குழாயும் பொத்தலாவது அப்படித்தான்.

எல்லா உலோகத்திலும் இதே முடிவு என்று சொல்லிவிட முடியாது. நிக்கல், கோபால்ட் போன்றவற்றோடு கிராஃபீன் இறுக்கமாகப் பிணைந்துகொள்வதால் அடியில் ஆக்சிஜன் பரவ இடம் கிடைப்பதில்லை என்று 2015-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். செம்பிலேயேகூட, படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகத்தில் கிராஃபீன் அணுக்கணக்காகப் பொருந்தி உட்கார்ந்தால் வருடக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்கிறது. மின்சாரம் கடத்தாத போரான் நைட்ரைடு என்ற உடன்பிறப்பு ஒன்று உண்டு, அதே அறுகோண அமைப்புதான். அதை நிக்கல் மேல் வளர்த்து 1100 டிகிரி வரை ஆக்சிஜனைத் தடுத்ததாக ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் வந்தது. கரிக்கு இருக்கிற கேத்தோடு வேலை அதற்கு இல்லை என்பதால் எனக்கு அதன்மேல்தான் ஆர்வம் அதிகம். ஆனால் இவை எல்லாமே மின்னணுவியல் அளவுச் சில்லுகளுக்கான சமாசாரம். நின்றுகொண்டிருக்கிற தூணை யாரும் 1000 டிகிரிக்கு ஏற்ற முடியாது, ஏற்றினாலும் இரும்பு கரியைத் தனக்குள்ளே கரைத்துக்கொள்ளும், எஃகின் உள்ளமைப்பும் மாறிவிடும். எனவே ஏஜென்ட் சொன்ன "ஹீலியம் நுழையாத" தொடர்ச்சியான படலம் உங்கள் ஷெட்டுக்கு வரப்போவதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் டப்பாவுக்குள் இருப்பது என்ன? சாதாரண எபாக்ஸி பிசின், அதில் கொஞ்சம் கிராஃபீன் துகள், பெரும்பாலும் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதன் வேலை முற்றிலும் வேறு. எந்தப் பெயிண்டும் தண்ணீரை முழுசாகத் தடுப்பதில்லை, மெதுவாகக் கசியத்தான் செய்யும். படலத்துக்குள் தட்டையான துகள்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தால், தண்ணீர் மூலக்கூறு நேராக இறங்காமல் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வரவேண்டியிருக்கும், பாதை நீளும். துகள் எவ்வளவு அகலமாகவும் எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு நீளும். இது நல்ல யோசனை, வேலை செய்கிற யோசனை, ஆனால் புதுசில்லை. நம்மூர் பெயிண்டர்களே எம்ஐஓ என்று சொல்லி அடிக்கிற நடுக்கோட்டில் மைக்கா போலத் தட்டையான இரும்பு ஆக்சைடு துகள் இருப்பது இதற்காகத்தான். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்துக்கு 2011-இல் முடிந்த பெரிய பெயிண்ட் வேலையில் கண்ணாடிச் செதில் கலந்த எபாக்ஸியை அடித்தார்கள், 25 வருடம் நிற்கவேண்டும் என்று திட்டம். கண்ணாடிச் செதில் மின்சாரம் கடத்தாது, மலிவு, பல்லாண்டு அனுபவமும் இருக்கிறது. கிராஃபீன் இந்த வரிசையில் வந்து சேர்ந்த இன்னொரு செதில், மெல்லிசு என்பதால் குறைந்த அளவிலேயே நிறையப் பாதையை நீட்டும் என்பது அதன் பலம்.

பலம் வெளிப்படவேண்டுமானால் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து, படிந்து, படுக்கவேண்டும். இங்கேதான் நடைமுறைச் சிக்கல். கிராஃபீன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகும் சுபாவம் உள்ளவை. கட்டி இருக்கிற இடத்தில் பிசின் சரியாக நனைக்காமல் நுண்ணிய வெற்றிடம் நிற்கும், தண்ணீருக்கு அதுவே குறுக்கு வழி. இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று போட்டால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுப் படலமே மின்சாரம் கடத்த ஆரம்பித்துவிடும். 2006-இல் பாலிஸ்டைரீனில் நன்றாகப் பிரித்துக் கலந்து பார்த்தபோது கன அளவில் 0.1 சதவீதத்திலேயே கடத்தல் தொடங்கிவிட்டது. எபாக்ஸியில் எண் மாறும், துகளைப் பொறுத்தும் மாறும், ஆனால் குறுகலான இடைவெளி என்பது மட்டும் நிச்சயம். குறைத்தால் பலன் இல்லை, கூட்டினால் மேலே சொன்ன கேத்தோடு கதை. கிராஃபீன் ஆக்சைடு பயன்படுத்தினால் கடத்தாதே என்பீர்கள், சரி, கடத்தாது, ஆனால் அது தண்ணீரை விரும்புகிற பொருள், அதன் மேற்பரப்பை வேறு ரசாயனத்தால் மாற்றிக் கலக்கவேண்டும். செய்கிறார்கள், நல்ல முடிவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த நல்ல முடிவு அந்தக் கலவைக்குச் சொந்தம், கிராஃபீன் என்ற பெயர் ஒட்டிய எல்லா டப்பாவுக்கும் சொந்தமில்லை.

பெயர் என்றதும் இன்னொன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் உலகம் முழுக்க 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற தூளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் கீழே, ஒன்றில்கூட 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி கிராஃபைட் தூள். பத்து அடுக்குக்கு மேல் போனால் அதைக் கிராஃபீன் என்று அழைப்பதில்லை என்று ஐஎஸ்ஓ வரையறை 2017-இலேயே வந்துவிட்டது, சந்தை அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு தரம் கூடியிருக்கலாம், நல்ல தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏஜென்டிடம் "எத்தனை அடுக்கு, பிசினில் எத்தனை சதவீதம்" என்று கேட்டால் வருகிற பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கிராஃபீனுக்கு நான் தயங்காமல் இடம் கொடுக்கக்கூடிய ஓர் இடம் துத்தநாக பிரைமர். ஜிங்க் ரிச் எபாக்ஸி என்று அடிப்பார்களே, அதில் காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதம்கூடத் துத்தநாகத் தூள் இருக்கும். அவ்வளவு போடுவதற்குக் காரணம், துகளுக்குத் துகள் தொட்டு, கடைசியில் இரும்பையும் தொட்டால்தான் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். உண்மையில் தொடர்பு கிடைக்காமல் நிறையத் துத்தநாகம் சும்மாவே கிடந்துவிடுகிறது. நடுவில் கொஞ்சம் கிராஃபீன் போட்டால் அது துகள்களை இணைக்கும் கம்பியாக வேலை செய்கிறது, குறைந்த துத்தநாகத்திலேயே நிறையப் பலன் கிடைக்கிறது, படலமும் அவ்வளவு வறண்டு உடையக்கூடியதாக இருப்பதில்லை. இங்கே கடத்துவது குறையில்லை, அதுதான் வேண்டிய குணம். துத்தநாகம் பக்கத்தில் இருக்கிற வரை இரும்பு ஆனோடாகாது. சீனாவில் காற்றாலைத் தூண்கள் மாதிரி வேலைகளுக்கு இந்த வகைப் பிரைமர் போயிருக்கிறது. துத்தநாகம் தீர்ந்த பிறகு மிச்சம் நிற்கிற கரி என்ன செய்யும் என்பதில்தான் எனக்கு உறுத்தல். குறைந்த துத்தநாகத்தோடு தொடங்கினால் அது சீக்கிரம் தீரும் என்பதும் சேர்ந்த கேள்வி, இருபது வருடம் வெயிலில் நின்ற கட்டுமானம்தான் அதற்குப் பதில் சொல்லமுடியும்.

ஏன் எல்லாப் பாலத்துக்கும் அடிக்கவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பாலத்தின் பொறியாளருக்கு வேண்டியது சாதனை எண் இல்லை, இருபது முப்பது வருடம் கண்ணால் பார்த்த வரலாறு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் உங்கள் கடற்கரைப் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பரிப்பு மிக மோசமான இடங்களில் ஒன்று என்று தெரிந்தே கட்டினார்கள், போட்டது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் பெயிண்ட். இரண்டுமே அனுபவப்பட்ட பொருட்கள். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

பிரசுரத்தில் "5000 மணி நேர சால்ட் ஸ்ப்ரே" என்று ஏதாவது எண் போட்டிருந்தால் அதையும் நிதானமாகப் படியுங்கள். 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலை விடாமல் தூவுகிற சோதனை அது. வெயில் கிடையாது, காய்கிற நேரம் கிடையாது. இரண்டு பெயிண்டை ஒப்பிட ஓரளவு உதவும், மணியை வருடமாக மாற்றும் சூத்திரம் எதுவும் இல்லை. ஐஎஸ்ஓ 12944-இன் ஒன்பதாம் பகுதியில் இருக்கிற சுழற்சிச் சோதனை இதைவிட நேர்மையானது: வாரத்தில் 72 மணி புற ஊதா ஒளியும் ஈரமும், 72 மணி உப்புத் தூவல், 24 மணி மைனஸ் 20 டிகிரி, இப்படி 25 வாரம். மைனஸ் 20 தூத்துக்குடிக்கு எதற்கு என்று சிரிப்பு வரும், இருந்தாலும் படலத்தை இழுத்துச் சுருக்கிப் பார்க்கும் வேலையை அது செய்கிறது. எந்தச் சோதனையானாலும் பலகையில் கீறல் போட்டுச் சோதித்ததா என்று கேளுங்கள். முழுப் படலத்தின் எண் கிராஃபீனுக்கு எப்போதும் அழகாகவே இருக்கும், கீறலுக்கு இரண்டு பக்கமும் துரு எத்தனை மில்லிமீட்டர் ஊர்ந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். 2017-இல் கிராஃபீன் ஆய்வுத் துறைக்குள்ளிருந்தே ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வந்தபோதும் கவலை இதுதான், படலம் உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் போதுமான அளவு பார்ப்பதில்லை என்று.

இனி உங்கள் ஷெட். இரண்டு வருடத்தில் திரும்பத் திரும்பத் துரு என்றால் தவறு பெரும்பாலும் டப்பாவில் இருக்காது, அடியில் இருக்கும். வயர் பிரஷ் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற துருவை உதிர்த்துவிட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட், இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். துருக் குழிகளுக்குள் உப்பு அப்படியே இருக்கும். அதன்மேல் என்ன அடித்தாலும் அந்த உப்பு பெயிண்ட் வழியாகத் தண்ணீரை இழுத்து, அடியில் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள், தெளிந்த நீர் வந்து, அடியில் இரும்பு கறுத்திருந்தால் இதுதான். ஐஸ் கம்பெனிக்கு வேறு ஒரு கூடுதல் தொல்லை, உப்பு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. ஐஸ் உறையவைக்கிற உப்புநீர்த் தொட்டியிலிருந்து (பிரைன் தொட்டி) ஐஸ் கேன் தூக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டி, தூண்களின் அடிப்பாகம் நாள் முழுக்க நனைந்தே இருக்கும். குளிர்ந்த இடம் என்பதால் இரும்பின் மேல் காலையில் வியர்த்திருக்கும், அந்த ஈரத்தின் மேலேயே பெயிண்டர் உருட்டிவிட்டுப் போவார்.

செய்யவேண்டியது தெரிந்ததுதான், செலவுதான் வலிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன், உங்கள் பக்கத்தில் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள், உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். பிறகு எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது துருவும் பழைய பெயிண்டும் கிட்டத்தட்ட முழுசாகப் போகிற அளவுக்கு, காற்றழுத்தத்தில் துகள்களை வீசித் தேய்க்கிற பிளாஸ்டிங், உணவுப் பொருள் இருக்கிற இடம் என்பதால் ஐஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டு, தடுப்புத் துணி கட்டிச் செய்யவேண்டும். பிளாஸ்டிங் ஆனதும் உப்பை அளக்கிற பிரெஸ்லே பட்டையை இரும்பில் ஒட்டி உப்பு எவ்வளவு மிச்சம் என்று அளக்கச் சொல்லுங்கள், அதிகமென்றால் திரும்பக் கழுவி, திரும்ப பிளாஸ்டிங். இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குகிற பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்கும்போது மட்டும் அடிக்கவேண்டும். வெல்டிங் ஓரம், போல்ட் தலை, ஆங்கிளின் கூரான விளிம்பு ஆகியவற்றுக்கு முதலில் கையால் பிரஷ் கொண்டு ஒரு கோட் தனியாக, ஏனென்றால் பெயிண்ட் கூர்முனையிலிருந்து விலகி மெலிந்துவிடும், துரு எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு ஜிங்க் ரிச் எபாக்ஸி 60 முதல் 75 மைக்ரான், எம்ஐஓ எபாக்ஸி 150-க்கு மேல், வெளியே வெயில் படுகிற இடத்துக்குப் பாலியூரிதேன் 50 முதல் 60. பிளாஸ்டிங் செய்யவே முடியாத மூலைகளுக்கு, ஈரத்தையும் கொஞ்சம் துருவையும் பொறுத்துக்கொள்கிற சர்ஃபேஸ் டாலரன்ட் எபாக்ஸி. தூணின் அடி ஒரு மீட்டருக்கு எல்லாவற்றையும் ஒரு கோட் கூட்டுங்கள். படிக்கட்டை முடிந்தால் கழற்றி உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கிற ஹாட் டிப் கால்வனைசிங்குக்கே அனுப்பிவிடுங்கள், மிதிபடுகிற இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது.

இரண்டு மடங்கு விலை என்பது பெரிய தடையே இல்லை என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இந்த மாதிரி வேலையில் சாரம், பிளாஸ்டிங், கூலி, உற்பத்தி நிறுத்தம் இவைதான் பெரிய தொகை, பெயிண்ட் அதில் சிறு பங்கு. அதனால்தான் சொல்கிறேன், கிராஃபீனுக்குப் போகிற கூடுதல் பணம் இருந்தால் அதை முதலில் பிளாஸ்டிங்குக்கும் ஒரு நல்ல இன்ஸ்பெக்டருக்கும் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பெயர்பெற்ற தயாரிப்பாளரின் கிராஃபீன் கலந்த துத்தநாக பிரைமரை, கீறல் சோதனை அறிக்கையோடு கொடுத்தால், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். "ஒரே கோட் போதும், பிளாஸ்டிங் வேண்டாம், துருவின் மேலேயே அடிக்கலாம்" என்று சொல்லி விற்கிற கிராஃபீன் எபாக்ஸியை மட்டும் வாங்காதீர்கள். அதில் கிராஃபீன் இருந்தாலும் வேண்டாம், இல்லாவிட்டாலும் வேண்டாம்.

ஏஜென்ட் ரொம்ப நம்பிக்கையோடு பேசினால், கடல் பக்கம் இருக்கிற இரண்டு தூண்களை ஒரே மாதிரி பிளாஸ்டிங் செய்து, ஒன்றில் அவருடையது, இன்னொன்றில் மேலே சொன்ன வழக்கமான முறை, இரண்டிலும் இரும்பு தெரிகிற வரை ஒரு கீறல் போட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் விடுங்கள். கீறலைச் சுற்றிக் கத்தியால் சுரண்டி எது எவ்வளவு தூரம் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். பணம் அதிகம் போகிற வேலை என்றால் காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது, 1948-இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அரிமானம் அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று, தொழிற்சாலைகளிலிருந்து வரும் மாதிரிகளையும் சோதித்துத் தருகிறார்கள்.

கடைசியாகக் கார். கடையில் பூசுகிற "கிராஃபீன் செராமிக்" பெரும்பாலும் சிலிக்கா அடிப்படையிலான திரவம், அதில் மிகச் சிறிதளவு கிராஃபீன் ஆக்சைடு வகை. அது உங்கள் காரின் இரும்பைத் தொடுவதே இல்லை, கிளியர் கோட்டுக்கு மேலே உட்காருகிறது. தண்ணீர் உருண்டு ஓடும், கழுவ எளிது, மினுமினுப்பு கொஞ்ச நாள் நிற்கும், அதற்காகப் பிடித்திருந்தால் பூசிக்கொள்ளுங்கள். கார் துருப்பிடிப்பது கதவின் அடி மடிப்பு, வீல் ஆர்ச்சின் உள்பக்கம், அடித்தட்டின் வெல்டிங் இணைப்பு ஆகிய இடங்களில். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் மண் அடைத்துக்கிடக்கின்றனவா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், கடற்கரை ஓட்டம் அதிகம் என்றால் வருடம் ஒருமுறை உள்மடிப்புகளுக்குக் கேவிட்டி வாக்ஸ் அடிக்கச் சொல்லுங்கள். அதன் விலை அந்தச் செராமிக் பூச்சில் சிறு பகுதிகூட வராது.